சிவப்பு மையில் அடித்த சொல்

வைட்ஃபீல்டில் இருந்த அந்த அலுவலக வளாகத்தின் ஐந்தாவது மாடியில் ஒரு நாள் ஒரு சின்ன ரகளை நடந்தது. பெரிய அதிகாரி ஒருவர் மீட்டிங் அறைக்குள் நுழைந்தபோது, துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருத்தி மேசைக்கடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "வாட் ஆர் யூ டூயிங் ஹியர்?" என்று அவர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டாராம். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பயந்துபோய் வாளியை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிட்டாள். அவர் செக்யூரிட்டியைக் கூப்பிட, லிஃப்ட் வாசலில் வைத்து அவளுடைய பையைப் பிரித்துச் சோதனை போட்டார்கள். சாப்பாட்டு டப்பாவும் ஒரு சீப்பும்தான் இருந்தன. மேசைக்கடியில் அவள் தேடியது, உருண்டு போன துடைக்கும் ஸ்ப்ரேயின் மூடியை.

அடுத்த வாரமே ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டருக்கு மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இந்தப் பெண்களுக்கு வேறு எதுவும் வேண்டாம், தாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையாவது இங்கிலீஷில் சொல்லக் கற்றுக்கொடுங்கள் என்று. அப்படித்தான் டோரதி அங்கே போய்ச் சேர்ந்தாள். ஆறு வாரம், புதன்கிழமை தோறும் மதியம் மூன்று மணியிலிருந்து நான்கு வரை.

டோரதிக்கு முப்பத்தாறு வயது. லிங்கராஜபுரத்துக்காரி. ஒன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்துவிட்டு, இப்போது கம்பெனி கம்பெனியாகப் போய் வகுப்பு எடுக்கிறவள். இலக்கணத்தில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. சர்ச் அறிவிப்புப் பலகையில் 'ஐ ஆம் ஹேவிங்' என்று யாராவது எழுதியிருந்தால்கூட அவளுக்குப் பொறுக்காது. பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் உள்ளே போவாள். அவளுடைய கணவன் கிளெமென்ட் இதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வான்.

எந்தப் பாடப் புத்தகமும் சாதாரண நிகழ்காலத்தில்தான் தொடங்கும். டோரதி அதைத் தள்ளி வைத்தாள். ஆறு மணி நேரத்தில் இந்தப் பெண்களுக்கு என்ன உபயோகப்படும் என்று யோசித்து, நேராகத் தொடர் நிகழ்காலத்தை எடுத்துக்கொண்டாள். ஆம், இஸ், ஆர். வினைச்சொல். அதன் பின்னால் ஐஎன்ஜி. அவ்வளவுதான். யார் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டாலும் ஓட வேண்டியதில்லை.

வகுப்பு பேஸ்மென்ட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். நீல நிற யூனிஃபார்மில் பதினான்கு பெண்கள். முதல் நாள் அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. டோரதி போர்டில் எழுதி விளக்கிப் பார்த்தாள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, முன் வரிசையில் இருந்த விஜியிடம், "காலையில பதினோரு மணிக்கு உங்க வீட்டுக்காரர் போன் பண்ணி, என்ன பண்றேன்னு கேக்கிறார். நீங்க என்ன சொல்வீங்க?" என்றாள்.

"தொடச்சிகினு இருக்கேன், போன வைய்யான்னுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டோரதி அதைப் பிடித்துக்கொண்டாள். "அந்த 'கினு' இருக்கு பாருங்க, அதுதான் ஐஎன்ஜி. நீங்க பேசும்போது எங்கெல்லாம் கினு வருதோ, அங்கெல்லாம் இங்கிலீஷ்ல ஐஎன்ஜி போட்டுடுங்க. தொடச்சிகினு இருக்கேன். ஐ ஆம் வைப்பிங்."

"பெருக்கிகினு இருக்கா?"

"ஷீ இஸ் ஸ்வீப்பிங்."

கன்னடக்காரப் பெண் ஒருத்தி, துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதை "ஒரெஸ்தா இதீனி" என்று தன் பாஷையில் சொல்லிப் பார்த்துவிட்டு, "அதுவும் இதானே மிஸ்?" என்றாள். அதுவும் இதேதான் என்றாள் டோரதி. மணி நான்கு ஆவதற்குள் வகுப்பே கினுவாக நிரம்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு வகுப்பு தனக்கு வாய்த்ததில்லை என்று அவள் கிளெமென்ட்டிடம் சொன்னாள்.

வகுப்பிலேயே மூத்தவள் ஜானகி. நாற்பத்தைந்து இருக்கும். டேனரி ரோட்டுப் பக்கம் வீடு. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். கையெழுத்து குண்டு குண்டாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். புதன்கிழமைகளில் ஜானகியும் டோரதியும் ஒரே மெட்ரோவில் பையப்பனஹள்ளி வரை வருவார்கள். ஜானகி அந்த ரயிலையே வகுப்பாக்கிவிட்டாள். எதிர் சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவரைக் கண்ணால் காட்டி, "ஹீ இஸ் ஸ்லீப்பிங்" என்று டோரதியின் காதில் சொல்வாள். "ஷீ இஸ் ஈட்டிங் சிப்ஸ். நம்மளுக்குக் குடுக்க மாட்டேன்றா." அதற்கு என்ன இங்கிலீஷ் என்று கேட்டு, சொன்னதும் வாய்க்குள் நாலு தரம் உருட்டிப் பார்ப்பாள்.

மூன்றாவது வாரம் ஜானகி கை தூக்கினாள்.

"மிஸ், இப்ப நடந்துகினு இருக்கிறதுக்கு இது. தெனமும் நடக்கிறதுக்கு இன்னா?"

"அது வேற டென்ஸ், அக்கா. அது இந்த ஆறு வாரத்துல வராது. முதல்ல இத நல்லாப் பழகிக்கலாம்."

"இல்ல மிஸ். ஒன்னு தெனமும் நடக்குது. அத எப்டி எழுதறது?"

மணி நான்காகப் போகிற அவசரம் டோரதிக்கு. "ஆல்வேஸ்னு ஒரு வார்த்தை இருக்கு. எப்பவும்னு அர்த்தம். ஆனா அது வந்தா ஐஎன்ஜி போடக் கூடாது. அப்புறம் சொல்றேன்" என்றாள். ஜானகி அந்த வார்த்தைக்கு ஸ்பெல்லிங் கேட்டாள். டோரதி போர்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். ஜானகி அதை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுப்பாடம் பத்து வாக்கியம். "புத்தகத்துல இருக்கிறத எழுதாதீங்க. உங்களச் சுத்தி என்ன நடக்குதோ, அத எழுதுங்க" என்று டோரதி சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமையே விஜி பதினான்கு நோட்டுகளையும் சேகரித்து ரிசப்ஷனில் கொடுத்துவிட்டாள். வேறொரு கம்பெனியில் வகுப்பு முடித்துவிட்டுத் திரும்பும்போது டோரதி அவற்றை வாங்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறினாள். அதிர்ஷ்டவசமாக ஓரத்தில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் பையை வைத்து, அதன் மேல் நோட்டுகளை வைத்துத் திருத்திக்கொண்டே வந்தாள். எல்லா நோட்டிலும் கப் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லா நோட்டிலும் மழை வந்துகொண்டிருந்தது. பத்தாவது நோட்டாகவோ பதினோராவதாகவோ ஜானகியுடையது வந்தது.

ஐ ஆம் வாஷிங் த கப்ஸ். சரி. விஜி இஸ் மாப்பிங் த ஃப்ளோர். சரி. மூன்றும் நான்கும் சரி. ஐந்தாவது, ஐ ஆம் சேஞ்சிங் மை டிரஸ். அதுவும் சரி.

ஆறாவது, சார் இஸ் ஆல்வேஸ் ஸ்டாண்டிங் டோர். டோரதி உச்சுக்கொட்டினாள். ஐஎன்ஜியோடு ஆல்வேஸ் வராது என்று சொன்னோமே என்று, அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் அடித்தாள். டோருக்கு முன்னால் 'நியர் த' என்று சொருகினாள். ஏழாவது, சார் இஸ் ஆல்வேஸ் லுக்கிங். மறுபடியும் ஆல்வேஸை அடித்தாள். எதைப் பார்க்கிறார் என்று சொல்லாததால் வாக்கியம் முழுமையாகவில்லை. ஓரத்தில் 'லுக்கிங் அட்?' என்று கேள்விக்குறி போட்டாள். எட்டாவது, ஐ ஆம் டெல்லிங் கோ சார். சாரை முன்னால் நகர்த்தி, கோவுக்கு முன்னால் ஒரு 'டு' சேர்த்தாள். ஒன்பதாவது, சார் இஸ் நாட் கோயிங்.

அங்கே பேனா ஒரு கணம் நின்றது. இது அவளுக்குப் பிற்பாடு நன்றாக நினைவிருந்தது. எவ்வளவு நேரம் நின்றது, எதற்காக நின்றது என்பதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. வண்டி ஏதோ ஸ்டேஷனில் நின்று கூட்டம் ஏறியது, யாருடைய பையோ அவள் முழங்காலில் இடித்தது. 'நாட்' சேர்த்து இல்லையென்று சொல்வதை அவள் இன்னும் நடத்தவேயில்லை. ஜானகி தானாக எழுதியிருக்கிறாள். டோரதி பெரிதாக ஒரு டிக் போட்டு, பக்கத்தில் 'வெரி குட்' என்று எழுதினாள். பத்தாவது, ஐ ஆம் நாட் ஸ்லீப்பிங். அதற்கும் டிக். பத்துக்கு ஏழு. ஒரு நட்சத்திரம்.

புதன்கிழமை வகுப்பு தொடங்குமுன் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். பலரும் செய்த தப்பை விளக்க ஓர் உதாரணம் தேவைப்பட்டது. டோரதி ஜானகியின் ஆறாவது வாக்கியத்தைப் போர்டில் எழுதி, "யார் எழுதினதுன்னு சொல்ல மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, ஜானகியையே எழுப்பினாள்.

"சொல்லுங்க அக்கா. சார் இப்ப நிக்கிறாரா?"

ஜானகி போர்டைப் பார்த்தாள். "இப்ப இல்ல மிஸ்."

"இப்ப நிக்கல. அப்போ இஸ் ஸ்டாண்டிங் சரியா தப்பா?"

"தப்பு மிஸ்."

"வெரி குட். உக்காருங்க."

எப்போதும் கலகலவென்றிருக்கும் வகுப்பு அன்று கம்மென்று இருந்தது. விஜி தலையைக் குனிந்துகொண்டு டெஸ்க்கில் இல்லாத அழுக்கை நகத்தால் சுரண்டினாள். பாடம் கடினமாகிவிட்டது போலிருக்கிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று டோரதி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஜானகி நின்றாள். போர்டைத் துடைத்துக் கொடுத்தாள். "எதுக்கு மிஸ் ஸ்டார் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"இல்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு நான் சொல்லியே குடுக்கல. நீங்களா எழுதினீங்க பாருங்க, அதுக்கு."

"ஓ."

அன்றைக்கு டோரதிக்கு ஐந்து மணிக்கு இன்னோர் இடத்தில் வகுப்பு. கேப் வாசலில் வந்து நின்று டிரைவர் இரண்டு தடவை போன் செய்துவிட்டான். பையில் லேப்டாப்பைத் திணித்தபடியே, "ஏதாவது டவுட்டா அக்கா?" என்றாள்.

"இல்ல மிஸ்" என்றாள் ஜானகி. "டவுட்டு ஒன்னும் இல்ல."

ஐந்தாவது வாரம் ஜானகி வரவில்லை. ஆறாவது வாரமும் வரவில்லை. கடைசி நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து சான்றிதழ் கொடுத்தார், கேக் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒரு சான்றிதழ் மிஞ்சியது. டோரதி அதை விஜியிடம் நீட்டி, "ஜானகியக்கா வந்ததும் குடுத்துடுங்க. உடம்பு சரியில்லையா அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

விஜி அதை வாங்கவில்லை. "அவங்க நின்னுட்டாங்க மிஸ். போன வாரமே."

"ஏன்?"

விஜி கதவைப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. "ஏன்னு உங்களுக்குத் தெரியாதா மிஸ்? உங்களாண்டதான எழுதிக் குடுத்தாங்க."

டோரதிக்கு ஒன்றும் புரியவில்லை. விஜி தணிந்த குரலில், ஆனால் ஒரே மூச்சில் சொன்னாள். அவர்கள் யூனிஃபார்ம் மாற்றுகிற அறை இரண்டாவது பேஸ்மென்ட்டில், ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் தாழ்ப்பாள் உடைந்து பல மாதமாயிற்று. சூப்பர்வைசர் சாய்கிருஷ்ணா தினமும் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன் என்று கையில் டேப்லெட்டோடு வந்து கதவில் நிற்பான். கதவு பாதி திறந்திருக்கும். போகச் சொன்னால், எண்ணிக்கை சரி பார்க்க வேண்டும், சீக்கிரம் சீக்கிரம் என்பான். நகர மாட்டான். ஜானகிதான் பெரியவள் என்று தன் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு மறைவாக நிற்பாள். தான் மாற்றும்போது அவளுக்குப் பிடிக்க ஆளில்லை. முகத்துக்கு நேராகப் போகச் சொன்னதும் அவளை ஞாயிற்றுக்கிழமை டியூட்டியிலும் ஆண்கள் கழிப்பறையிலுமாக மாற்றி மாற்றிப் போட்டான்.

"நீங்க படிச்சவங்க, மேல ஆபீஸ்ல பேசுறவங்க. நீங்க பாத்துக்குவீங்கன்னு சொல்லி எழுதி எங்ககிட்ட காட்டிட்டுத்தான் குடுத்தாங்க. நோட்டு திரும்பி வந்தப்ப நாங்க எல்லாரும் சுத்தி நின்னு பாத்தோம்" என்றாள் விஜி.

டோரதி சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். அவமானத்தோடு இன்னொன்றும் மெதுவாக மேலே வந்தது. ஐஎன்ஜியோடு ஆல்வேஸ் வரும். எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒருவன் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து, அதைத் தாங்க முடியாமல் இன்னொருவர் குறை சொல்லும்போது வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் அவளே நடத்தியிருக்கிறாள். என் தம்பி எப்போதும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டே இருக்கிறான், இது புகார், இதற்கு மட்டும் விதிவிலக்கு என்று. 'நின்னுகினே இருக்காரு' என்பதைத்தான் ஜானகி எழுதியிருந்தாள். ஜானகியின் வாக்கியத்தில் தப்பே இல்லை.

வீட்டில் கிளெமென்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு எப்படித் தெரியும் டோரதி? பதினாலு நோட்டு, ஓடுற ட்ரெயின்ல" என்றான்.

"எழுதிக் குடுத்திருந்தாங்க கிளெமென்ட். எழுத்துல இருந்துச்சு. தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"நீ கிராமர்தானே பாத்தே."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று கத்திவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, விஜியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போனாள். டேனரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் முதல் மாடி. கதவைத் திறந்த ஜானகி ஒரு நிமிஷம் திகைத்து, உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம், "எங்க இங்கிலீஷ் மிஸ்ஸு" என்று அறிமுகப்படுத்தினாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். ஜானகி இரண்டு டம்ளரில் காபி கலந்து எடுத்துக்கொண்டு, "வாங்க மிஸ், உள்ள புழுக்கமா இருக்கும்" என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள்.

கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் டேங்க்கின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். பிரேசர் டவுனில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், காலை எட்டிலிருந்து இரண்டு வரைதான் என்றும், டாக்டரம்மா தங்கமானவள் என்றும் ஜானகி சொன்னாள். டோரதி காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, விஜி சொன்னாங்க."

ஜானகி தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் படிச்சேன். எழுத்தெல்லாம் படிச்சேன். ஆனா என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்கல. மன்னிச்சிடுங்க."

"ஐயோ, நீங்க இன்னா பண்ணுவீங்க மிஸ். நீங்க இங்கிலீஷ் பாத்தீங்க."

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. சொன்ன விதத்திலேயே அது தெரிந்தது. டோரதிக்கு அதனால்தான் தாங்க முடியவில்லை. "ஏன் அக்கா எங்கிட்ட தமிழ்லயே சொல்லல? எத்தன நாள் ஒன்னா வந்தோம்" என்று கேட்டுவிட்டாள்.

ஜானகி எழுந்து கொடியில் நழுவிய ஒரு துணியை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "வாய் வர்ல மிஸ். ட்ரெயின்ல நாலு பேரு இருப்பாங்கன்றது ஒரு பக்கம். தமிழ்ல சொன்னா அது என் காதுலயே விழுமே. இங்கிலீஷ்ல எழுதறப்போ வேற யாரோ ஒரு பொம்பளைக்கு நடக்கிற மாரி இருந்துச்சி. அதனாலதான் எழுதவே முடிஞ்சிது."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் மைக்கில் கூவிக்கொண்டு போனான்.

"மார்க்குக்கு ஒன்னும் இல்ல மிஸ்" என்றாள் ஜானகி. "அன்னிக்கு போர்டுல எழுதிட்டு என்னய எழுப்புனீங்க பாருங்க. அப்பதான் கஷ்டமா பூடுச்சி. அந்த சாரு யாருன்னு கேக்கப் போறீங்கன்னு நெனச்சேன். கேட்டா சொல்லிடலாம்னு நின்னேன். நீங்க இப்ப நிக்கிறாரான்னு கேட்டீங்க."

டோரதி அழுதாள். ஜானகி அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "சாக்கு மிஸ், போதும், வுடுங்க" என்று முதுகைத் தட்டினாள்.

புகார் கொடுக்கலாம், தானும் கூட வருகிறேன், இதற்கென்று கமிட்டி இருக்கிறது என்று டோரதி எடுத்துச் சொன்னாள். ஜானகி கேட்டுக்கொண்டாள். ஆனால் மாட்டேன் என்றாள். கணவருக்கு எதுவும் தெரியாது. கிளினிக் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அந்த வளாகத்தின் வாசலை மிதிக்கவே அவளுக்கு இஷ்டமில்லை. நோட்டாவது கிடைக்குமா என்று டோரதி கேட்டாள்.

"எடைக்குப் போட்டுட்டேன் மிஸ்."

சான்றிதழைப் பையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று டோரதி கடைசி வரை யோசித்தாள். எடுக்காமலே திரும்பினாள்.

திங்கட்கிழமை அவள் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருந்த பார்கவியைப் போய்ப் பார்த்தாள். முந்தின நாளே ஒரு தாளில் ஜானகியின் பத்து வாக்கியங்களையும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்திருந்தாள். ஒன்பது வந்தன. நான்காவது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. டிக் போட்டது நினைவிருந்தது, வாக்கியம் நினைவில்லை. அந்தத் தாளையும் தன் பெயரில் எழுதிய ஒரு கடிதத்தையும் மேசையில் வைத்தாள்.

பார்கவி கெட்டவள் இல்லை. முழுவதையும் படித்தாள். பிறகு, "டோரதி, நீங்க எங்க ஸ்டாஃப் இல்ல, வெளியிலிருந்து வர்ற ட்ரெய்னர். அந்த லேடியும் இப்ப இங்க வேலையில இல்ல. ஒரிஜினல் நோட்டும் இல்ல. கமிட்டில முதல் கேள்வியே, இப்பவும் நடந்துட்டு இருக்கான்னுதான் வரும்" என்றாள்.

"தாழ்ப்பாள் இப்பவும் உடைஞ்சுதான் இருக்கு. நீங்களே கீழ போய்ப் பாருங்க மேடம்."

பார்கவி போய்ப் பார்த்தாள். அதை அவளுக்குச் சாதகமாகச் சொல்லத்தான் வேண்டும். மறுநாளே புதுத் தாழ்ப்பாள் போட்டார்கள். விசாரணை மூன்று வாரம் நடந்தது. விஜி வந்து சொன்னாள். அந்தக் கன்னடக்காரப் பெண்ணும் வந்து சொன்னாள். மற்றவர்கள் நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல டோரதிக்கு வாயில்லை. சாய்கிருஷ்ணா, எண்ணிக்கை எடுப்பது தன் வேலை, கதவுக்கு வெளியேதான் நின்றேன் என்றான். கடைசியில் அவனுக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கொடுத்து, கான்ட்ராக்டரின் இன்னொரு இடத்துக்கு, எலக்ட்ரானிக் சிட்டிக்கு, மாற்றினார்கள். அதே பதவி. ஃபைலை மூடியாயிற்று என்று பார்கவி போனில் சொன்னாள். இவ்வளவாவது நடந்ததே என்று அவள் நிஜமாகவே நினைத்தாள் போலிருந்தது. அடுத்த பேட்ச்சுக்கு வகுப்பெடுக்க டோரதியைக் கூப்பிடவில்லை. ஆன்லைனில் நடத்தப் போகிறோம் என்றார்கள்.

அதற்குப் பிறகும் அவள் வேறு இடங்களில் வகுப்பு எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். நோட்டுகளை ரயிலில் திருத்துவதை விட்டுவிட்டாள். வீட்டில் மேசையில் வைத்து, ஒவ்வொரு நோட்டையும் முதலில் பேனா இல்லாமல் முழுக்கப் படிப்பாள். பெரும்பாலும் அவற்றில் ஒன்றும் இருக்காது. மழை வந்துகொண்டிருக்கும், பஸ் போய்க்கொண்டிருக்கும். இருந்தாலும் படிப்பாள். இதனால் வேலை இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. கிளெமென்ட் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை.

விசாரணை முடிந்த விவரத்தை ஜானகியிடம் சொல்ல வேண்டும் என்று நாலைந்து நாள் தள்ளிப்போட்டாள். நல்ல செய்தியாகச் சொல்வதா, கெட்ட செய்தியாகச் சொல்வதா என்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை போன் செய்தாள். ஜானகி உற்சாகமாகத்தான் எடுத்தாள். கிளினிக்கில் ஒரு வெள்ளைக்காரர் வந்து, டாக்டர் எங்கே என்று கேட்டபோது, டாக்டர் இஸ் கமிங் சார், ப்ளீஸ் சிட் என்று தானே சொன்னதைச் சொல்லிச் சிரித்தாள். டோரதியும் சிரித்தாள். பிறகு தாழ்ப்பாள் போட்டதைச் சொன்னாள். விஜி தைரியமாக வந்து பேசியதைச் சொன்னாள். அவனை எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாற்றியதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"அங்கயும் பொம்பளைங்க வேல செய்றாங்க இல்ல மிஸ்?" என்றாள் ஜானகி.

டோரதி ஆமாம் என்றாள்.

"சரி மிஸ். அடுப்புல குக்கர் இருக்கு. நான் அப்புறம் பேசட்டா?"

"பேசுங்க அக்கா" என்றாள் டோரதி. போன் வைக்கப்பட்ட பிறகும் அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.